அயோத்தியின் திருநாமங்களும் கோவிதாரக் கொடியும்

2025ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, விவாஹ பஞ்சமியன்று, திருவயோத்தியில் சக்கரவர்த்தித் திருமகனுடைய திருக்கோயில் சிகரத்தின்மேல் காவி நிறத்து முக்கோணக் கொடி ஏற்றப்பட்டது. அக்கொடியில் ஸூர்யனும் ப்ரணவமும் ஒரு மரமும் எழுதப்பட்டிருக்கின்றன. அம்மரம் கோவிதாரம் என்று அறிவிக்கப்பட்டது. அன்று முதல் இரண்டு கேள்விகள் அடியேனிடம் அடிக்கடி வருகின்றன. அந்த மரம் எது, அதற்கு ஸ்ரீராமாயணத்தில் ப்ரமாணம் உண்டா என்பது ஒன்று. அயோத்யா என்பதும் ஸாகேதம் என்பதும் ஒரே ஊரின் பெயர்களா, அல்லது இரண்டு ஊர்கள் பிற்காலத்தில் ஒன்றாக்கப்பட்டனவா என்பது மற்றொன்று. முன்னதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பக்தர்கள். பின்னதைக் கேட்பவர்கள் சரித்திரம் படித்த அவர்களுடைய பிள்ளைகள். இருவருக்கும் சேர்த்து இங்கே விண்ணப்பிக்கிறேன். பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம்.

'யுத்' என்னும் தாதுவின்மேல் ண்யத் ப்ரத்யயம் வந்து 'யோத்யா' என்றாகி, அதன்மேல் நஞ் ஏறி 'அயோத்யா' என்றாயிற்று. போர் செய்து கைப்பற்ற இயலாதவள் என்பது அவயவார்த்தம். புரீ என்னும் சொல் பெண்பாலாதலால் இதுவும் பெண்பாலாயிற்று. சொற்களை யௌகிகம், ரூடம், யோகரூடம் என்று பிரிப்பது சாஸ்த்ர வழக்கம். சமையற்காரனைக் குறிக்கும் பாசகன் போல அவயவப் பொருளாலேயே நிற்பது யௌகிகம். அவயவப் பொருளும் இருந்து, ஆனால் ஒன்றையே குறிக்கும்படி நிலைபெற்றது பங்கஜம் போன்ற யோகரூடம். சேற்றில் பிறப்பவை பல இருக்கத் தாமரையை மட்டுமே பங்கஜம் என்கிறோம். அயோத்யா என்னும் சொல்லின் வரலாறு முழுவதும் யௌகிகம் யோகரூடமான வரலாறே என்று சொல்லலாம்.

அதர்வ வேதத்தின் பத்தாம் காண்டத்து இரண்டாம் ஸூக்தத்திலும், தைத்திரீய ஆரண்யகத்தின் முதல் ப்ரச்நத்திலும் எட்டுச் சக்கரங்களும் ஒன்பது வாயில்களும் உடைய தேவர்களின் கோட்டை ஒன்று பேசப்படுகிறது. அதற்கு அடைமொழி அயோத்யா. ஒன்பது வாயில் என்றதனால் அது இந்த சரீரமே என்று பொருள் கொள்வது வழக்கம். அங்கே அயோத்யா என்பது ஸரயூ தீரத்து நகரத்தின் பெயரன்று. வெல்லவொண்ணாதது என்ற விசேஷணம். அதே ஸூக்தம் சற்றுப் பின்னே, ப்ரஹ்மம் புகுந்த பொன்மயமான கோட்டையை 'அபராஜிதா' என்கிறது. சாந்தோக்யத்தின் எட்டாம் ப்ரபாடகத்தில் ப்ரஹ்மலோகத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் நகருக்கும் அபராஜிதா என்றே பெயர். இவ்விரண்டு பெயர்களையும் ஒருசேர எடுத்து, பரமபதத்தின் நகரி அயோத்யா என்றும் அபராஜிதா என்றும் ப்ரஸித்தமானது என்று ஸ்ரீகுணரத்நகோசத்தில் ஸ்ரீபராசர பட்டர் அருளிச்செய்தார். ஆகவே நம் ஸம்ப்ரதாயத்தில் இந்தத் திருநாமம் மண்ணுலகத்து ஊரிலிருந்து மேலே ஏறிப் போனதன்று. மேலிருந்து இறங்கி வந்தது. அவதாரம் செய்தவனோடு அவனுடைய ஊரின் பெயரும் அவதரித்தது என்று கொள்வதில் குறையொன்றுமில்லை.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழுகிறது. அதை மறைத்து எழுதுவது நேர்மையன்று. பாலகாண்டம் ஆறாம் ஸர்க்கத்தில் வால்மீகி பகவான் இந்நகரத்தை 'ஸத்யநாமா', அதாவது பெயருக்கேற்ற மெய்ம்மை உடையது, என்கிறார். ஆனால் அதே பாலகாண்டத்தில் ஜனகருடைய ஸபையில் வஸிஷ்டர் இக்ஷ்வாகு வம்சத்தைச் சொல்லும்போது, ஸகரனுடைய தகப்பனான அஸிதன் ஹைஹயர், தாலஜங்கர் முதலானோரால் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டான் என்று வருகிறது. உத்தரகாண்டத்திலோ, ராவணன் அயோத்திக்கே வந்து அநரண்யனோடு பொருது அவனைக் கொன்றான் என்று காண்கிறோம். அநரண்யன் உயிர் விடும்போது, என் குலத்திலே ராமன் என்பவன் பிறந்து உன்னை முடிப்பான் என்று சபித்ததும் அங்கேதான். போர் செய்யவொண்ணாத நகரத்தில் இரண்டு முறை போர் நடந்து, இரண்டு முறையும் அரசன் தோற்றிருக்கிறான். பெயர் எங்ஙனே மெய்யாகும்?

ஸமாதானம் மூலத்திலேயே இருக்கிறது. ஸத்யநாமா என்ற சொல் வருமிடம் தசரதன் அங்கே வஸித்து உலகைக் காத்ததைச் சொல்லுமிடம். மநு கட்டிய நகரம், பன்னிரண்டு யோஜனை நீளமும் மூன்று யோஜனை அகலமும் உடையது, அகழியும் மதிலும் சதக்னிகளும் பொருந்தியது என்று ஐந்தாம் ஸர்க்கத்தில் வர்ணித்தபோது இந்தச் சொல்லை வால்மீகி இடவில்லை. மதில் அநரண்யன் காலத்திலும் இருந்தது, அகழியும் இருந்தது. பெயரை மெய்யாக்கியது கட்டடமன்று; அதிலே வாழ்ந்தவர். தசரதன் காலத்தில் பெயர் மெய்யாயிற்று என்றால், அவன் திருமகன் காலத்தில் அது எப்படியிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? திவ்யப்ரபந்தத்தில் ஆழ்வார்கள் ஐவர் இந்த திவ்யதேசத்தை மங்களாசாஸனம் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஸ்ரீகுலசேகரப் பெருமாள் இராமாயணம் முழுவதையும் பத்துப் பாசுரங்களில் சுருக்கத் தொடங்குமிடத்தில் மதிலை முன்னிட்டே அயோத்தியைப் பேசுகிறார். ஆனால் உடனே வெங்கதிரோன் குலத்துக்கு விளக்காய்த் தோன்றியவனிடம் போய்விடுகிறார். மதிலிலே நிற்கவில்லை.

நம்மாழ்வார் வேறொரு வழியில் செல்கிறார். அவருக்கு அயோத்தி என்றால் அங்கே வாழ்ந்த அசைவனவும் அசையாதனவும், புல்லும் எறும்பும் முதலாக யாவும், நற்கதி பெற்ற இடம். உத்தரகாண்டத்தின் முடிவும் இதையே சொல்லி, அதன்பின் அந்நகரம் பல்லாண்டுகள் சூன்யமாகக் கிடந்து, ரிஷபன் என்னும் அரசனைப் பெற்ற பிறகே மீண்டும் குடியேறும் என்கிறது. காளிதாஸர் ரகுவம்சத்தின் பதினாறாம் ஸர்க்கத்தில், பாழ்பட்ட நகரத்தின் அதிதேவதை நள்ளிரவில் குசனிடம் வந்து நின்று முறையிட்டதாகக் கவி செய்ததும் இந்தச் சூன்யத்தை வைத்தே. போர் செய்ய ஒருவருமில்லாத ஊர் என்பதும் அயோத்யா என்ற பெயருக்கு ஒரு பொருள்தான். ஆனால் அந்தப் பொருள் வருத்தம் தருவது.

இனி ஸாகேதம். வால்மீகி ராமாயணம் நகரத்தை அயோத்யா என்ற பெயராலேயே வழங்குகிறது. மஹாபாஷ்யத்தில் பதஞ்ஜலி, தம் காலத்தவர் கண்டிருக்கக்கூடிய அண்மை நிகழ்ச்சிக்கு உதாஹரணமாக, யவனன் ஸாகேதத்தை முற்றுகையிட்டதைச் சொல்கிறார். பௌத்தர்களுடைய பாலி நூல்கள் சம்பா, ராஜக்ருஹம், ச்ராவஸ்தி, கௌசாம்பி, வாராணஸி இவற்றோடு ஸாகேதத்தையும் ஆறு பெருநகரங்களில் ஒன்றாக எண்ணுகின்றன. அயோஜ்ஜா என்று வேறோர் ஊரையும் கங்கைக் கரையில் காட்டுகின்றன. இவற்றைக் கொண்டு சரித்திர ஆராய்ச்சியாளர் சிலர், ஸாகேதம் என்ற பழைய ஊருக்குக் குப்தர் காலத்தில் அயோத்யா என்ற காவியப் பெயர் இடப்பட்டது என்று முடிவு கட்டினார்கள். இதைக் கேட்டவுடன் கோபங்கொள்ளும் ஸ்வாமிகள் உண்டு. கோபத்தால் ஒரு ஸூத்ரமும் ஸாதிக்கப்படுவதில்லை.

மேலே சொன்ன யௌகிக விசாரத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். வெல்லவொண்ணாதது என்பது எந்தக் கோட்டைக்கும் ஏற்றிச் சொல்லத்தக்க விசேஷணம். கங்கைக் கரையில் ஒரு சிற்றூர் அப்பெயரைத் தாங்கியிருந்ததனால் ஸரயூ தீரத்து நகரம் அப்பெயரை இழந்துவிடாது. தாய்லாந்தில் 1351ல் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் அயுத்தயா இன்றும் இருக்கிறது. அதைக் கொண்டு ஸரயூக் கரையை யாரும் மறுப்பதில்லை. மேலும் காளிதாஸர் ரகுவம்சத்திலே ஒரே நகரத்தை ஓரிடத்தில் அயோத்யா என்றும் மற்றோரிடத்தில் ஸாகேதம் என்றும் கூசாமல் சொல்கிறார். ரகுவினிடம் கௌத்ஸர் பொருள் கேட்டு வந்த கட்டத்தில் ஊரார் ஸாகேதவாஸிகள். பெருமாள் மீண்டெழுந்தருளும்போது இறங்கும் சோலையும் ஸாகேதத்து உபவனம். அவர் இரண்டு ஊரை ஒட்டவைக்கும் தொனியில் பேசவில்லை. தெரிந்த ஊருக்குத் தெரிந்த இரண்டு பெயர் என்ற தொனியில் பேசுகிறார். இதற்கு மேல் இந்த விஷயத்தில் வற்புறுத்த அடியேனுக்கு ஆசையில்லை.

ஸாகேதம் என்ற சொல்லின் பொருளில்தான் ரஸம் இருக்கிறது. பாலி தம்மபத அட்டகதையில், விசாகையின் தகப்பனார் மாலையில், ஸாயங்காலத்தில், குடியேறிய இடமாதலால் ஸாகேதம் என்று ஒரு கதை வருகிறது. திவ்யாவதானம் 'தானே வந்தது' என்ற பொருள்படும் ஸ்வயமாகதம் என்ற சொல்லிலிருந்து வருவிக்கிறது. இவை காதில் விழுந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு கட்டியவை. 'கித்' தாது நிவாஸப் பொருளது. நிகேதனம் என்பதில் உள்ள தாது அதுவே. ஆகேதம், அதாவது வாழுமிடம், அதனோடு கூடியது ஸாகேதம் என்பது வ்யாகரணத்துக்கு இசைவானது. இதனினும் அழகாகச் சொன்னவர் ராஷ்ட்ரகூடர் காலத்து ஜைன ஆசார்யரான ஜினஸேனர். ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய ஆதிபுராணத்தின் பன்னிரண்டாம் பர்வத்தில், அவர் இந்நகரத்துக்கு நான்கு பெயர்களும் காரணமும் சொல்கிறார். பகைவர் பொருதற்கு அரியதாதலால் அயோத்யா. தேசத்தின் பெயரால் ஸுகோசலா. வினயமுள்ள ஜனங்கள் நிறைந்ததனால் வினீதா. புகழத்தக்க நிகேதனங்கள் உடையதனாலும், கேதுக்களாகிய கைகளை அசைத்து ஸ்வர்க்கத்து மாளிகைகளையே அறைகூவி அழைப்பது போல இருப்பதனாலும் ஸாகேதம். கேது என்றால் கொடி. ஆக, ஊரின் பெயருக்குள்ளேயே கொடியைப் பறக்கவிட்டவர் அவர். பிற மதத்து நூலாயினும் நல்ல நிர்வசனத்தை ஏற்பதில் நம் பூர்வர்கள் கஞ்சத்தனம் காட்டியதில்லை. அவருடைய ஸம்ப்ரதாயத்தில் வினீதா நகரத்து முதல் அரசரும் ரிஷபர். உத்தரகாண்டத்தில் சூன்யமான அயோத்தியை மீண்டும் குடியேற்றுபவனும் ரிஷபன். இவ்விருவரும் ஒருவரே என்று அடியேன் சொல்லவில்லை. பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் காட்டுகிறேன்.

வடநாட்டு ஸ்ரீராமாநந்தீயர்கள் நித்யவிபூதியையே ஸாகேத லோகம் என்கிறார்கள். நாம் அதையே அயோத்யா என்கிறோம். அவத் என்பது அயோத்யா என்பதன் திரிபு. துளஸீதாஸர் 1574ல் இந்நகரிலிருந்து ராமசரிதமானஸத்தைத் தொடங்கி அவதபுரி என்றே பாடினார், அவர் எழுதிய மொழிக்கும் அவதீ என்று பெயர். நவாபுகள் பக்கத்தில் பைஜாபாதைக் கட்டித் தலைநகராக்கி, 1775ல் லக்னோவுக்குப் போனார்கள். பைஜாபாத் என்ற ஜில்லாப் பெயரும் 2018ல் அயோத்யா என்று மாறிற்று. அந்த நவாபுகளின் சின்னமான இரட்டை மீன் இன்றும் உத்தரப் பிரதேச அரசின் முத்திரையில் வில்லோடும் அம்போடும் சேர்ந்து நிற்கிறது. ஒரு நாட்டின் கொடிச் சின்னங்கள் எப்படியெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்பதற்கு இது சான்று.

இப்போது கொடிக்கு வருகிறேன். ஸ்ரீராமாயணத்தில் கோவிதாரக் கொடி அயோத்யா காண்டத்தில் இரண்டு கட்டங்களில் காட்சி தருகிறது. எண்பத்துநான்காம் ஸர்க்கத்தில் கங்கைக் கரையில் வந்திறங்கிய சேனையைக் கண்டு ஸ்ரீகுஹப்பெருமாள் தம் சுற்றத்தாருக்கு, தேரிலே கோவிதாரக் கொடி தெரிகிறது என்று காட்டுகிறார். தொண்ணூற்றாறாம் ஸர்க்கத்தில் சித்ரகூடத்தில், பூத்து நின்ற ஸால மரத்தின்மேல் ஏறிப் பார்த்த இளையபெருமாள், உயர்ந்த அடிமரத்தோடு கோவிதாரக் கொடி தேரில் விளங்குகிறது என்கிறார். பின்னே, கோவிதாரத்வஜன் போரில் நம் கைவசப்படுவானோ என்றும் கொதிக்கிறார். இச்சொல்லில் ஸமாஸம் மாறுவதைக் கவனிக்க வேண்டும். முதலில் கோவிதார உருவமுள்ள கொடி என்று தத்புருஷம். பின்னே கோவிதாரத்தைக் கொடியாக உடையவன் என்று பஹுவ்ரீஹி, அது பரதாழ்வானைக் குறிக்கும். கொடியைப் பார்த்த கண் மாறவில்லை. கோபம் கொடியிலிருந்து ஆளுக்குத் தாவிற்று. ஸமாஸமும் கூடவே தாவிற்று.

இது பரதாழ்வானுடைய தனிக் கொடியா, குலக்கொடியா? தனிக்கொடி என்றால் தமையனைத் தம்பி அறிந்ததில் வியப்பில்லை. ஆனால் சிருங்கிபேரத்து வேடர் தலைவர் பார்த்தவுடன் அறிகிறார். அவருடைய சுற்றத்தாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பரதாழ்வானோ கேகயத்திலிருந்து அப்போதுதான் வந்தவர். ஆதலால் எல்லைப்புறத்தார் வரை அறிந்திருந்த கோஸல அரசின் கொடி என்று கொள்வதே உசிதம். பட்டத்தை வேண்டாமென்று சொன்னவர் அரசின் கொடியோடு வந்ததும் பொருத்தமே. ராஜ்யத்தை உரியவரிடம் ஒப்படைக்க வருகிறவர் அதன் சின்னத்தை மறைத்துக்கொண்டு வருவாரோ?

ஆனால் அந்தக் கொடியைக் கண்ட இருவருமே தவறாகவே பொருள் கொண்டார்கள். ஸ்ரீவசனபூஷணத்தில் மங்களாசாஸன ப்ரகரணத்தில் பிள்ளை லோகாசார்யர், இளையபெருமாளை ஸ்ரீகுஹப்பெருமாள் ஐயுற்றதையும், அவ்விருவரையும் குஹப்பெருமாளுடைய பரிகரம் ஐயுற்றதையும் எடுத்துக்காட்டி, ஒரே நாள் திருமுகத்தைக் கண்டவர்களையும் அந்த வடிவழகு படுத்தும் பாடு இது என்று அருளிச்செய்தார். அன்றிரவு ஐயத்துக்கு உள்ளானவர் இளையபெருமாள், ஐயுற்றவர் குஹப்பெருமாள். பின்னே இருவரும் தனித்தனியே, வேறு வேறு இடத்தில், ஒரே கொடியைக் கண்டு ஒரே ஐயத்தைப் பரதாழ்வான்மேல் கொண்டார்கள். ப்ரேமத்தின் மிகுதியால் அஸ்தானத்திலே வந்த பயம். கொடி குலத்தைக் காட்டிற்று. கொண்டு வந்தவருடைய திருவுள்ளத்தைக் காட்டவில்லை. அதைக் குஹப்பெருமாள் பரதாழ்வானுடைய வார்த்தையால் அறிந்தார். இளையபெருமாள் தமையனாருடைய வார்த்தையால் அறிந்து வெட்கினார்.

கோவிதாரம் எந்த மரம் என்பதில் அடியேன் ஓர் அபராதக்ஷாமணம் செய்துகொள்ள வேண்டும். பல ஆண்டுகள் உபந்யாஸங்களில் இதை ஆத்தி என்றே சொல்லி வந்தேன். சோழர்கள் ஆத்தி சூடினவர்கள், ஸூர்யவம்சத்தவர் என்று சொல்லிக்கொண்டவர்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டால் ஸபையில் கைதட்டல் வரும். ஆத்தி இதே இனத்து மரம்தான், இலையும் அதே பிளவுபட்ட இலைதான். ஆனால் மரம் வேறு. திண்ணையில் தகப்பனார் அமரகோசம் சொல்லிவைத்தபோது கோவிதாரத்துக்கு யுகபத்ரகம், சமரிகம், குத்தாலம் என்ற பர்யாயங்களை நெட்டுருப் போட்டேனே தவிர, இரட்டை இலையுடையது என்று பொருள்படும் யுகபத்ரகம் எங்கள் நந்தவனத்து மந்தாரையின் ஒட்டக இலையில் எழுதியிருந்ததை வெகுகாலம் பார்க்கவில்லை.

மந்தாரையிலும் வகை உண்டு. இலையுதிர்ந்த கிளையில் மாசி பங்குனியில் பூப்பது ஒன்று. வடக்கே கச்நார் என்பார்கள், காஞ்சநாரம் என்ற சொல்லின் திரிபு. இலையோடு கூடிய கிளையில் ஐப்பசி கார்த்திகையில் ஊதா நிறமாகப் பூப்பது மற்றொன்று. கொடியேற்றத்தின்போது கோவிதாரத்தைக் கச்நார் என்றே பலரும் எழுதினார்கள். வால்மீகியோ கிஷ்கிந்தா காண்டத்தில் சரத்கால வர்ணனையில், அஸநம், ஏழிலைப்பாலை, பந்துஜீவம் இவற்றோடு கோவிதாரமும் மலைச்சாரல்களில் பூத்திருப்பதாகப் பேசுகிறார். ருதுஸம்ஹாரத்திலும் கோவிதாரம் சரத் வர்ணனையிலேதான் வருகிறது. அது யாருடைய மனத்தைத்தான் பிளக்காது என்று சொல்லின் ஒலியை வைத்து அங்கே விளையாட்டும் உண்டு. இரண்டு கவிகளும் சரத் என்கிறபோது, சரத்தில் பூக்கும் ஊதா மந்தாரையே கோவிதாரம் என்று துணிகிறேன். சரத் ருது மழை ஓய்ந்து வழி உலர்ந்து அரசர்கள் படையெடுக்கும் காலம். ரகு திக்விஜயத்துக்குப் புறப்பட்டதும் அப்போதே. தேர்க்கொடிக்கு அந்த மரத்தைத் தேர்ந்தது இதனாலோ என்று தோன்றுகிறது. இது அடியேனுடைய ஊகம் மட்டுமே.

கு என்றால் பூமி. பூமியைப் பிளந்து எழுவது கோவிதாரம் என்பது வ்யுத்பத்தி. குத்தாலம் என்ற பர்யாயம் மண்வெட்டிக்கும் பெயர். ஸகர புத்ரர்கள் பூமியைத் தோண்டிய குலத்துக் கொடியில் இப்பெயருடைய மரம் இருப்பது அழகுதான். ஹரிவம்சத்தில் பாரிஜாத ஹரண ப்ரகரணத்தில் வேறு நிர்வசனம் உண்டு: இது என்ன மரமோ என்று அறியாதவர்கள் சொன்னதே பெயராயிற்றாம். அங்கே மந்தாரம், பாரிஜாதம், கோவிதாரம் மூன்றும் ஒரே தேவதருவின் பெயர்கள். கச்யபர் மந்தாரத்தையும் பாரிஜாதத்தையும் ஒட்டுக்கட்டி உண்டாக்கிய கலப்பு மரம் என்று இப்போது பரவிவரும் செய்திக்கு இந்த வசனம் இடம் கொடுக்கவில்லை. பெயர் மூன்று, மரம் ஒன்று.

பெருமாள் யுத்தகாண்டத்தில் எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராவணனுடைய கொடியில் மனிதத் தலை இருந்தது. அதை அறுத்துத் தள்ளியவர் இளையபெருமாள். மனிதரை அற்பமாக எண்ணி அவர்களிடமிருந்து சாகாமை கேட்க மறந்தவன் கொடியில் மனிதத் தலை. எதிரே நின்ற மானிடருக்குத் தேரே இல்லை. முடிவில் மாதலி கொண்டு வந்தது இந்த்ரனுடைய தேர், அதில் இருந்ததும் இந்த்ரனுடைய கொடி. கோவிதாரக் கொடி கட்டிய தேர்கள் அப்போது கோஸலத்தில் இருந்தன. அங்கே நந்திக்ராமத்தில் பாதுகைகள் அரசாண்டுகொண்டிருந்தன.